தேர்தலுக்குப் பின் நம் காப்பீட்டு அட்டை செல்லுமா? குமரி மாவட்டக் குடும்பங்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

சட்டமன்றத் தேர்தல் நெருங்கும்போதும், முடிவு வந்து சில வாரங்கள் ஆகும் வரையிலும், கருங்கல் வட்டாரத்தில் உள்ள எங்கள் படிப்பகத்துக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் மனு எழுத வருபவர்களில் பாதிப் பேர் பட்டாவையோ ஓய்வூதியத்தையோ பற்றிக் கேட்பதில்லை. குடும்ப அட்டை வைத்திருக்கும் உறைக்குள்ளிருந்து முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டையை எடுத்து மேசைமேல் வைத்து, “மக்களே, இது இனி செல்லுமா?” என்றுதான் கேட்கிறார்கள். கேட்பவர் பெரும்பாலும் அறுபதைத் தாண்டிய ஒரு தாயாகவோ, கணவருக்கு வாரம் மூன்று முறை இரத்தச் சுத்திகரிப்பு செய்ய வேண்டியிருக்கும் ஒரு பெண்ணாகவோ இருக்கிறார். அவர்களுக்கு வாய்மொழியாகச் சொல்லி வந்த பதில்களை இங்கே எழுதி வைக்கிறோம். எந்தக் கட்சிக்கும் ஆதரவாகவோ எதிராகவோ இவை எழுதப்படவில்லை.

தேர்தல் முடிந்து ஆட்சி மாறினால் என் அட்டை உடனே செல்லாததாகிவிடுமா?

ஆகாது. வாக்கு எண்ணும் நாளுக்கும் உங்கள் அட்டைக்கும் நேரடித் தொடர்பு எதுவும் இல்லை. அட்டை செல்லுபடியாவது இரண்டு விஷயங்களைப் பொறுத்தது. உங்கள் குடும்பம் பயனாளிகள் பட்டியலில் இருக்க வேண்டும். மாநில அரசுக்கும் காப்பீட்டு நிறுவனத்துக்கும் இடையிலான ஒப்பந்தம் நடைமுறையில் இருக்க வேண்டும். 2022 ஜனவரி 11 அன்று, பொதுத்துறை நிறுவனமான யுனைடெட் இந்தியா இன்சூரன்சுடன் ஐந்து ஆண்டுகளுக்கு ஒப்பந்தம் புதுப்பிக்கப்பட்டது. அதன்படி ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 849 ரூபாய் என்ற கணக்கில் காப்பீட்டுத் தவணையை அரசே செலுத்துகிறது. குடும்பம் எதுவும் செலுத்துவதில்லை. குடும்பத்தின் ஆண்டு வருமான வரம்பு 72,000 ரூபாயிலிருந்து 1,20,000 ரூபாயாக உயர்த்தப்பட்டதும் அப்போதுதான். குடும்பம் முழுவதற்கும் சேர்த்து ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை, பட்டியலில் உள்ள சிகிச்சைகளுக்குப் பணம் கட்டாமல் பெறலாம்.

தேர்தல் நடத்தை விதிகள் அமலில் இருக்கும் வாரங்களிலும் ஏற்கெனவே நடந்துவரும் திட்டம் நிற்பதில்லை. புதிய அறிவிப்புகள்தான் தடைப்படும். அலுவலகச் சுவரில் இருக்கும் தலைவர்களின் படங்கள் மறைக்கப்படும். அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்தவர்கள் குறித்த நாளில் செல்லலாம்.

அப்படியானால் இந்த அச்சத்துக்கு அடிப்படையே இல்லையா?

அடிப்படை உண்டு. அச்சப்படுபவர்களை அறியாதவர்கள் என்று யாரும் ஒதுக்கிவிட வேண்டாம். அவர்களில் பலர் 2011-ஐ நினைவில் வைத்திருப்பவர்கள்.

2009 ஜூலையில் அன்றைய தி.மு.க. அரசு, கலைஞர் காப்பீட்டுத் திட்டம் என்று மக்கள் அழைத்த உயிர்காக்கும் உயர் சிகிச்சைத் திட்டத்தைத் தொடங்கியது. ஆண்டு வருமானம் 72,000 ரூபாய்க்குக் கீழ் உள்ள குடும்பங்களுக்கும் நலவாரிய உறுப்பினர்களுக்கும் ஒரு லட்சம் ரூபாய் வரையிலான சிகிச்சையை அது அளித்தது. 2011 மே மாதத்தில் ஆட்சி மாறியது. பழைய திட்டம் அதே ஆண்டில் நிறுத்தப்பட்டது. அதற்குப் பதிலாக ஜெயலலிதா அரசு கொண்டுவந்த இன்றைய திட்டம் 2012 ஜனவரி 11 அன்றுதான் தொடங்கியது. இடையிலிருந்த மாதங்களைத்தான் குடும்பங்கள் மறக்கவில்லை.

எங்கள் குடும்பமும் மறக்கவில்லை. என் அத்தான் ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டும் தொழிலாளி. அந்த ஆண்டு ஓணத்துக்கு முந்தைய வாரம், இதய வால்வை மாற்ற வேண்டும் என்று மருத்துவர் எழுதிக் கொடுத்த தாளோடும் கலைஞர் காப்பீட்டு அட்டையோடும் அக்கா ஒரு தனியார் மருத்துவமனையின் காப்பீட்டு மேசைமுன் நின்றாள். மேசையில் இருந்தவர் அட்டையை வாங்கிப் பார்க்கவே இல்லை. “இனி இந்தக் கார்டு எடுக்கமாட்டாவ, புதுசு வரட்டும்” என்றார். எப்போது வரும் என்று அவருக்கும் தெரியவில்லை. அக்கா தாலிச் சங்கிலியைத் தவிர மற்ற நகைகளை அடகு வைத்தாள். அறுவை சிகிச்சை நடந்தது, அத்தான் பிழைத்தார். நகை திரும்பி வர ஆறு ஆண்டுகள் ஆயின. புதிய அட்டை கைக்கு வந்தபின்னும் பழைய அட்டையை அக்கா தூக்கி எறியவில்லை. இரண்டும் இன்றும் ஒரே பிளாஸ்டிக் உறையில்தான் இருக்கின்றன.

ஆகவே “ஒன்றும் ஆகாது, போய்த் தூங்குங்கள்” என்று நாங்கள் யாரிடமும் சொல்வதில்லை. அன்று நடந்தது ஏன் அதே வடிவில் மீண்டும் நடப்பது கடினம் என்பதையும், எந்த இடத்தில் விழிப்பாக இருக்க வேண்டும் என்பதையும் சொல்கிறோம்.

2011-இல் நடந்தது மீண்டும் நடப்பது ஏன் கடினம்?

முதற்காரணம், 2021-இல் ஆட்சி மாறியபோது வேறு விதமாக நடந்தது. புதிய அரசு பழைய அரசின் திட்டத்தை நிறுத்தவில்லை, பெயரைக்கூட மாற்றவில்லை. அதே பெயரில் நீட்டித்து, வருமான வரம்பையும் உயர்த்தியது. ஒப்பந்தங்கள் 2017-இலும் 2022-இலும் ஜனவரி 11 என்ற அதே தேதியில்தான் புதுப்பிக்கப்பட்டன. ஒரு நாளும் விடுபடாமல் தொடர முடியும் என்பதற்கு இதுவே சான்று.

இரண்டாவது காரணம் பணம் வரும் வழி. 2018 செப்டம்பரில் மத்திய அரசு ஆயுஷ்மான் பாரத் திட்டத்தைத் தொடங்கியபின், தமிழ்நாடு தன் திட்டத்தை அதனுடன் இணைத்துக்கொண்டது. காப்பீட்டுத் தொகை 5 லட்சம் ரூபாயானது அப்போதுதான். மத்தியத் திட்டத்தின் பட்டியலில் உள்ள குடும்பங்களுக்கான செலவை மத்திய அரசும் மாநில அரசும் 60-க்கு 40 என்ற விகிதத்தில் பகிர்கின்றன. இரண்டு அரசுகளின் பணமும் ஒரு கோடிக்கும் மேற்பட்ட குடும்பங்களின் பெயரும் பின்னிக் கிடக்கும் ஒன்றை ஒரே அரசாணையில் கலைத்துவிடுவது 2011-இல் இருந்ததைப்போல் எளிதன்று.

மற்ற மாநிலங்களில் தேர்தலுக்குப் பின் நடந்தவற்றையும் பார்க்கலாம். ஒடிசாவில் 2024-இல் ஆட்சி மாறியபின், பிஜு பட்நாயக்கின் பெயரால் நடந்துவந்த மாநிலத் திட்டம் 2025-இல் ஆயுஷ்மான் பாரத்துடன் இணைந்த வேறு பெயருக்கு மாறியது. தில்லியும் 2025 தேர்தலுக்குப் பின்தான் மத்தியத் திட்டத்தில் சேர்ந்தது. ஒடிசாவில் பெயர் மாறியது, அட்டை மாறியது, விதிகள் மாறின. ஏழைக்கு மருத்துவக் காப்பீடு வேண்டாம் என்று எந்த அரசும் சொல்லவில்லை. எனவே திட்டம் அடியோடு போய்விடுமோ என்பதைக் காட்டிலும், மாற்றம் நடக்கும் வாரங்களில் நோயாளி நடுவில் சிக்கிக்கொள்வாரோ என்பதே நாம் கவலைப்பட வேண்டிய விஷயம்.

தேர்தலால் மருத்துவக் காப்பீடு ஆட்டம் காண்பது நம் நாட்டில் மட்டுமா?

இல்லை. அமெரிக்காவில் 2010-இல் ஒபாமா ஆட்சியில் வந்த காப்பீட்டுச் சட்டத்தை நீக்குவோம் என்று சொல்லி 2016-இல் வென்றவர்கள், 2017 ஜூலையில் அதற்கான முயற்சியை மேலவைக்குக் கொண்டுவந்தபோது 49-க்கு 51 என்ற வாக்குகளில் தோற்றார்கள். அதுவரையிலான எட்டு மாதங்கள் அங்குள்ள புற்றுநோயாளிகளின் குடும்பங்களும் நம்மைப்போலவேதான் இருந்தன. அங்கே உறவினர் உள்ளவர்கள் இதைக் கேட்டறிந்திருப்பீர்கள்.

ஒப்பந்தம் 2027 ஜனவரியில் முடிகிறது என்கிறார்களே?

2022 ஜனவரி 11-இல் தொடங்கிய ஐந்தாண்டு 2027 ஜனவரி 10-இல் நிறைவடைகிறது. 2026 தேர்தலுக்கு அடுத்து வரும் முதல் ஜனவரி அது என்பதால், தேர்தலோடு சேர்த்து இந்தத் தேதியும் வாய்வழியாகப் பரவி, “ஜனவரியோடு எல்லாம் முடிந்தது” என்ற பேச்சாகிவிட்டது. ஒப்பந்தக் காலம் முடிவது என்பது திட்டம் முடிவது அன்று. ஒப்பந்தம் முடியும் முன்பே அரசு ஒப்பந்தப்புள்ளி கோரி நிறுவனத்தைத் தேர்ந்தெடுப்பதோ, இருக்கும் ஒப்பந்தத்தை நீட்டிப்பதோ வழக்கம். ஆனால் அந்த ஏற்பாடு உரிய நேரத்தில் நடக்கிறதா என்பதை மக்கள் பிரதிநிதிகள் கவனிக்க வேண்டும். நாம் அவர்களைக் கவனிக்கச் செய்ய வேண்டும். இதைப் பற்றிக் கீழே தனியாக எழுதியிருக்கிறோம்.

என் அட்டையில் பழைய முதலமைச்சரின் படம் இருக்கிறது. மருத்துவமனையில் ஏற்பார்களா?

படத்துக்கு எந்த மதிப்பும் இல்லை. அட்டையில் உள்ள எண்ணையும், அந்த எண்ணுக்கு எதிரே கணினியில் இருக்கும் குடும்ப விவரத்தையும்தான் மருத்துவமனை பார்க்கிறது. அட்டை கிழிந்திருந்தாலோ தொலைந்திருந்தாலோ குடும்ப அட்டை எண்ணைக் கொண்டே பதிவைத் தேடி எடுக்க முடியும். புதிய படம் போட்ட அட்டை வாங்கித் தருவதாகச் சொல்லிப் பணம் கேட்பவரிடம் ஒரு ரூபாயும் கொடுக்க வேண்டாம்.

வேறு கட்சிக்கு வாக்களித்ததைத் தெரிந்துகொண்டு பட்டியலிலிருந்து நீக்கிவிடுவார்களா?

நீங்கள் யாருக்கு வாக்களித்தீர்கள் என்பதை அறிய யாருக்கும் வழியில்லை; வாக்கின் இரகசியத்தைச் சட்டமே காக்கிறது. பயனாளி பட்டியல் குடும்ப அட்டையையும் வருமானச் சான்றையும் அடிப்படையாகக் கொண்டது. அட்டையைப் பறிப்போம் என்று சொல்லி வாக்குக் கேட்பது தேர்தல் குற்றம். யாராவது அப்படிச் சொன்னால் 1950 என்ற எண்ணில் தெரிவியுங்கள்.

ஒருவேளை அட்டை செல்லாமல் போனால் ஆசாரிப்பள்ளத்தில் சிகிச்சை மறுப்பார்களா?

மறுக்க மாட்டார்கள். எங்களிடம் வருபவர்கள் மறந்துவிட்டுப் பேசும் செய்தி இதுதான். ஆசாரிப்பள்ளத்தில் 2001-இல் தொடங்கப்பட்ட கன்னியாகுமரி அரசு மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனையும், தக்கலையிலும் குழித்துறையிலும் உள்ள அரசு மருத்துவமனைகளும், ஊர்தோறும் உள்ள ஆரம்ப சுகாதார நிலையங்களும் காப்பீட்டு அட்டையை நம்பி நடப்பவை அல்ல. அட்டை இருந்தாலும் இல்லாவிட்டாலும் அங்கே மருத்துவம் பெறுவது நம் உரிமை. அவசர நிலையில் வந்தவருக்கு அரசு மருத்துவமனை சிகிச்சை மறுப்பது உயிர்வாழும் உரிமையை மீறுவதாகும் என்று உச்ச நீதிமன்றம் 1996-இல், மேற்கு வங்க விவசாயத் தொழிலாளர் ஒருவர் பற்றிய வழக்கில் தீர்ப்பளித்திருக்கிறது.

அரசு மருத்துவமனைகளுக்கு மருந்து வாங்கித் தரும் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் 1994-இல் அமைந்தது. அதன்பின் எத்தனையோ தேர்தல்கள் வந்து போய்விட்டன, மருந்து வழங்குவது நிற்கவில்லை. 108 ஆம்புலன்ஸ் 2008-இலிருந்து மூன்று முதல்வர்களுக்கு மேல் பார்த்துவிட்டது. இதற்கு மாறான எடுத்துக்காட்டும் இருப்பதால் அதையும் சொல்லிவிடுகிறோம். 2020 டிசம்பரில் தொடங்கிய அம்மா மினி கிளினிக்குகள் ஆட்சி மாறியபின் 2022 தொடக்கத்தில் மூடப்பட்டன. அவை தற்காலிகப் பணியாளர்களைக் கொண்டு ஓராண்டுக்கென அமைக்கப்பட்டிருந்தன. நிலையான கட்டிடமும் நிரந்தரப் பணியிடங்களும் உள்ளவை நிலைத்தன. அவை இல்லாதது நிலைக்கவில்லை. ஒரு திட்டம் தேர்தலைத் தாங்குமா என்று அறிய வேண்டுமானால் அதன் பெயரை விட்டுவிட்டு அதன் அடித்தளத்தைப் பார்க்க வேண்டும் என்று நாங்கள் நினைப்பது இதனால்தான்.

ஆயினும் ஒன்றை மறைக்கக் கூடாது. அரசு மருத்துவமனையில் அட்டையைக் காட்டிச் சிகிச்சை பெற்றால் அதற்கான காப்பீட்டுத் தொகை அந்த மருத்துவமனைக்கே வருகிறது. அந்தப் பணம் கருவிகளுக்கும் பொருட்களுக்கும் உதவுகிறது. காப்பீடு தடைப்பட்டால் அரசு மருத்துவமனைக்கும் இழப்பு உண்டு. எனவே ஆசாரிப்பள்ளத்துக்குப் போகும்போதும் அட்டையை எடுத்துச் செல்லுங்கள். அங்கே இலவசம்தானே என்று வீட்டில் வைத்துவிட்டுப் போவது நம் மருத்துவமனைக்கு வரவேண்டிய பணத்தை நாமே தடுப்பதாகும்.

டயாலிசிஸ், புற்றுநோய்ச் சிகிச்சை போன்றவை நடுவில் இருக்கும்போது மாற்றம் வந்தால்?

நீண்டகாலச் சிகிச்சையில் இருப்பவர்கள் மற்றவர்களைவிடச் சற்று முன்கூட்டியே தயாராக இருக்க வேண்டும். தனியார் மருத்துவமனையில் காப்பீட்டின்மூலம் டயாலிசிஸ் செய்துகொள்பவர்கள், அவர்களுடைய சிகிச்சைச் சுருக்கம், கடைசி இரத்தப் பரிசோதனை முடிவுகள், மருந்துச் சீட்டு ஆகியவற்றின் நகல்களை ஒரு கோப்பில் வைத்துக்கொள்ளுங்கள். நாளைக்கே அரசு மருத்துவமனையின் டயாலிசிஸ் பிரிவுக்கு மாற நேர்ந்தால் அந்தக் கோப்பு இரண்டு வார அலைச்சலைக் குறைக்கும்.

காப்பீட்டில் சிகிச்சை நடக்கும் முறையையும் தெரிந்து வைத்திருப்பது நல்லது. மருத்துவமனை உங்கள் பரிசோதனை முடிவுகளைக் கணினிவழி அனுப்பி முன் அனுமதி பெறுகிறது. அனுமதி வந்தபின் சிகிச்சை தொடங்குகிறது. அந்த அனுமதிக்கு ஓர் எண்ணும் ஒரு தேதியும் உண்டு. அதைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். திட்டம் கைமாறும் காலத்தில், ஏற்கெனவே அனுமதி பெற்ற சிகிச்சை என்று உங்களால் காட்ட முடிவது பெரிய பலம். 2011-இல் என் அக்காவிடம் மருத்துவரின் தாள் மட்டுமே இருந்தது.

திருவனந்தபுரத்தில் சிகிச்சை பெறுகிறோம். அங்கே இந்த அட்டை செல்லுமா?

1956 நவம்பர் 1 வரை நாம் திருவிதாங்கூரோடு இருந்தவர்கள். கொல்லங்கோடு, களியக்காவிளைப் பக்கத்து மக்களுக்கு இன்றும் நாகர்கோவிலும் திருவனந்தபுரமும் ஏறக்குறைய ஒரே தொலைவு. வட்டாரப் புற்றுநோய் மையத்துக்கும் ஸ்ரீசித்திரை திருநாள் மருத்துவ நிலையத்துக்கும் போகாத ஊர் இந்த மாவட்டத்தில் இருக்காது. ஆனால் மாநில எல்லையைக் கடந்தால் காப்பீட்டின் கணக்கு மாறிவிடுகிறது. எந்த மாநிலத்திலும் சிகிச்சை பெறும் வசதி ஆயுஷ்மான் பாரத்தின் விதி. அது மத்தியத் திட்டப் பட்டியலில் உள்ள குடும்பங்களுக்கு உரியது. தமிழ்நாடு அரசு கூடுதலாகச் சேர்த்துக்கொண்ட குடும்பங்கள், அந்த வசதி தமக்கும் உண்டு என்று எண்ணிக்கொண்டு வண்டி ஏறக் கூடாது. புறப்படும் முன் 14555 என்ற எண்ணில் உங்கள் பெயர் மத்தியப் பட்டியலில் உள்ளதா என்று கேளுங்கள். செல்லவிருக்கும் மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவிலும் அந்தச் சிகிச்சைக்கு ஏற்பார்களா என்று கேட்டுவிடுங்கள்.

மகன் வளைகுடாவில் வேலை செய்கிறான். எங்களுக்குத் தகுதி உண்டா?

ஒரே குடும்ப அட்டையில் அவர் பெயரும் இருந்து, அவர் வருமானத்தையும் சேர்த்தால் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாயைத் தாண்டுமானால் இல்லை. தனிக் குடும்பமாக வாழ்ந்து, தனிக் குடும்ப அட்டையும் உண்மையான வருமானச் சான்றும் உள்ள பெற்றோருக்கு உண்டு. உண்மை நிலைக்கு மாறாகச் சான்று வாங்குவதை நாங்கள் ஊக்குவிப்பதில்லை. சிகிச்சை நடக்கும் நேரத்தில் அது வெளிப்பட்டால் நோயாளிதான் தவிப்பார்.

முந்திரி ஆலைகளில் ஈ.எஸ்.ஐ. பிடித்தம் உள்ள பெண்கள் முதலில் ஈ.எஸ்.ஐ. மருந்தகத்தைக் கேளுங்கள், அந்த உரிமை சம்பளத்தோடு வருவது, மாநிலத் தேர்தலோடு தொடர்பில்லாதது. பெருமாள்புரம் போன்ற முகாம்களில் வாழும் இலங்கைத் தமிழர்களுக்கு இத்திட்டத்தில் வருமான வரம்பு இல்லை.

பட்டியலில் பெயர் இருந்தும் மருத்துவமனையில் “பெயர் ஒத்துவரவில்லை” என்று திருப்பி அனுப்பினார்கள். ஏன்?

எங்கள் அனுபவத்தில், ஆட்சி மாற்றத்தால் சிகிச்சையை இழந்தவர்களைவிட இந்தக் காரணத்தால் இழந்தவர்களே அதிகம். இதைச் சற்று விரிவாகச் சொல்கிறோம்.

நம் மாவட்டத்தில் ஒருவருக்கு இரண்டு பெயர்கள் இருப்பது வழக்கம். ஞானஸ்நானப் பெயர் ஒன்று, வீட்டுப் பெயர் ஒன்று. குடும்ப அட்டையில் “தங்கம்” என்று இருக்கும். ஆதாரில் “மரிய தங்கம்” என்று இருக்கும். காப்பீட்டுப் பதிவில் கணவர் பெயரையும் சேர்த்து “தங்கம் செல்லப்பன்” என்று இருக்கும். மூன்றும் ஒரே அம்மா என்று ஊருக்கே தெரியும், கணினிக்குத் தெரியாது. சென்ற ஆண்டு கடற்கரை ஊர் ஒன்றிலிருந்து வந்த ஒரு பாட்டிக்கு இடுப்பு எலும்பு முறிவுக்கான அறுவை சிகிச்சை நான்கு நாட்கள் தள்ளிப்போனது. காரணம், ஆதாரில் அவருடைய பிறந்த ஆண்டு 1949 என்றும் குடும்ப அட்டையில் வயது 62 என்றும் இருந்தது. அந்த நான்கு நாட்களும் அவர் கட்டிலில் அசையாமல் கிடந்தார்.

திருமணமாகிப் போன மகளின் பெயரைக் குடும்ப அட்டையிலிருந்து நீக்கிவிட்டு, கணவர் வீட்டு அட்டையில் சேர்க்காமல் விட்டுவிடுவது இன்னொன்று. அந்தப் பெண் எந்த அட்டையிலும் இல்லாதவளாகிறாள். பிரசவத்தில் ஒரு சிக்கல் வரும்போதுதான் அது தெரியவருகிறது. இறந்தவரின் பெயர் குடும்பத் தலைவராகவே தொடர்வது மற்றொன்று.

இவற்றைச் சரிசெய்யத் தேர்தல் முடிவுக்காகக் காத்திருக்க வேண்டாம். குடும்ப அட்டைத் திருத்தத்தை இ-சேவை மையத்திலோ வட்ட வழங்கல் அலுவலகத்திலோ செய்துகொள்ளலாம். அதன்பின் குடும்ப அட்டை, குடும்பத்தார் அனைவரின் ஆதார், கிராம நிர்வாக அலுவலர் அல்லது வருவாய்த் துறை அலுவலர் தரும் வருமானச் சான்று ஆகியவற்றுடன் நாகர்கோவில் ஆட்சியர் அலுவலக வளாகத்தில் உள்ள காப்பீட்டுத் திட்ட மையத்துக்குச் செல்லுங்கள். கைரேகையும் புகைப்படமும் எடுப்பார்கள் என்பதால் குடும்பத்தார் நேரில் வர வேண்டும். கடலுக்குப் போயிருக்கும் கணவரும் பால் வெட்டப் போகும் மகனும் ஊரில் இருக்கும் நாளாகப் பார்த்துச் சென்றால் இரண்டாம் முறை அலைய வேண்டாம்.

திட்டத்தில் சேர்ந்த மருத்துவமனையே முன்பணம் கேட்டால் என்ன செய்வது?

அனுமதிக்கப்பட்ட சிகிச்சைக்கு நோயாளியிடம் பணம் வாங்கக் கூடாது. “தேர்தல் வந்துவிட்டது, அரசிடமிருந்து பணம் வருமோ வராதோ” என்று சொல்லி முன்பணம் கேட்டால், அது எந்தச் செலவுக்கு என்று எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள்; எழுதித் தரத் தயங்கினாலே அவர்களுடைய பேச்சு மாறும். அங்கிருந்தே 1800 425 3993 என்ற கட்டணமில்லா எண்ணுக்கு அழைத்து, அட்டை எண்ணையும் மருத்துவமனையின் பெயரையும் சொல்லிப் புகாரைப் பதிவு செய்யுங்கள். புகார் எண்ணைக் கேட்டு வாங்கிக்கொள்வது அவசியம். பட்டியலில் இல்லாத சிகிச்சைக்கும், வெளிநோயாளியாக வாங்கும் அன்றாட மருந்துக்கும் இந்தக் காப்பீடு பொருந்தாது என்பதையும் மனத்தில் கொள்ளுங்கள். இரத்த அழுத்தம், நீரிழிவு மாத்திரைகளுக்கு ஆரம்ப சுகாதார நிலையமும் 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவமும் உள்ளன.

பாதுகாப்புக்காகத் தனியார் காப்பீடு எடுத்துக்கொள்ளலாமா?

முடிந்தவர்கள் எடுக்கலாம். 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் மருத்துவக் காப்பீட்டுத் தவணைக்குச் சரக்கு, சேவை வரி இல்லை. ஆனால் ஏற்கெனவே இருக்கும் நோய்க்கு மூன்று ஆண்டுகள் வரை காத்திருப்புக் காலம் வைக்க நிறுவனங்களுக்கு அனுமதி உண்டு. அரசுக் காப்பீட்டில் அப்படிக் காத்திருக்க வேண்டியதில்லை. எனவே தேர்தல் பயத்தில் கடன் வாங்கித் தனியார் காப்பீடு எடுப்பது, வீட்டில் ஏற்கெனவே நோயாளி இருக்கும் குடும்பத்துக்கு உடனடிப் பயன் தராது.

தொகுதி உறுப்பினரிடம் நாம் என்ன கேட்க வேண்டும்?

கன்னியாகுமரி, நாகர்கோவில், குளச்சல், பத்மநாபபுரம், விளவங்கோடு, கிள்ளியூர் ஆகிய ஆறு தொகுதிகளிலும் யார் வென்றாலும், அவர் எந்தக் கட்சியாக இருந்தாலும், அவரிடம் ஒரே கோரிக்கையை எழுத்தில் கொடுக்கலாம் என்பது எங்கள் எண்ணம். திட்டத்தின் பெயரை மாற்ற வேண்டுமா, நிறுவனத்தை மாற்ற வேண்டுமா என்பதை அரசு தீர்மானிக்கட்டும். பழைய ஒப்பந்தம் முடியும் நாளுக்கும் புதியது தொடங்கும் நாளுக்கும் இடையே ஒரு நாளும் விடுபடக் கூடாது. முன் அனுமதி பெற்ற எந்தச் சிகிச்சையும் கைமாற்றத்தின் பெயரால் நிறுத்தப்படக் கூடாது. இதை அவர் சட்டமன்றத்தில் கேள்வியாகவே எழுப்பலாம். நாங்கள் தயாரித்துள்ள மனுவில் இந்த இரண்டு வாக்கியங்களே உள்ளன. சாலை, குடிநீர், மீன்பிடித் துறைமுகம் என்று இருபது கோரிக்கைகளோடு இதையும் சேர்த்துக் கொடுத்தால் இது இருபத்தோராவதாகிவிடும், தனியாகவே கொடுங்கள்.

அம்மா இரவெல்லாம் தூங்காமல் இதையே கேட்டுக்கொண்டிருக்கிறார். என்ன சொல்வது?

முதலில் அவர் சொல்வதை முழுதாகக் கேளுங்கள். வீட்டில் நோயாளியோடு இருப்பவர்களுக்கு இந்தக் கேள்வி அரசியல் பேச்சு அன்று. அடுத்த வாரச் சிகிச்சை நடக்குமா என்பது. தொலைக்காட்சி விவாதத்தை இரவு உணவுக்குப் பின் அணைத்துவிடுங்கள். பிறகு அவரோடு உட்கார்ந்து ஒரு தாளில் எழுதுங்கள். என் அக்கா வீட்டு அலமாரிக் கதவின் உட்புறத்தில் அப்படி ஒரு தாள் ஒட்டியிருக்கிறது. காப்பீட்டு அட்டை எண், குடும்ப அட்டை எண், 1800 425 3993, அத்தானின் வால்வு அறுவை சிகிச்சை நடந்த தேதி, அவர் சாப்பிடும் இரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரையின் பெயரும் அளவும், ஆசாரிப்பள்ளத்தில் இதயப் பிரிவு வெளிநோயாளிகளைப் பார்க்கும் நாட்கள், இரவில் கூப்பிட்டால் வண்டி எடுத்து வரும் பக்கத்து வீட்டுத் தம்பியின் எண். பேனா மை மங்கும்போதெல்லாம் அக்கா அதன்மேலேயே மறுபடி எழுதி வைக்கிறாள்.